சண்டை போட்டுப் படித்தவள்

அண்ணியும் நாத்தனாரும் ஒரே பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் திண்டிவனத்தில் அந்தத் தெருவே சிரித்தது. அண்ணி தையல்நாயகிக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. புருஷன் தேவநாதன் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். நாத்தனார் காந்திமதி அவளைவிட இளையவள். முகையூரில் குடிகாரப் புருஷனிடம் பட்டது போதும் என்று பிறந்த வீட்டுக்கே திரும்பியிருந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைத்தவள் தேவநாதனின் தாய் அஞ்சம்மாள். எட்டாவது தேறினால் பயிற்சிப் பள்ளி, அதை முடித்தால் வாத்தியார் வேலை என்று 1957ஆம் வருஷத்தில் ஊரெல்லாம் அதே பேச்சு. தையல்நாயகி போன வருஷமே தனியாக எழுதித் தோற்றிருந்தாள். இந்த வருஷம் காந்திமதியும் பணம் கட்டிவிட்டாள்.

அவர்கள் இரண்டு பேருக்கும் எப்போதுமே ஆகாது. தேவநாதன் செத்த பிறகு அது பகையாகவே முற்றிவிட்டது. அண்ணன் சாவுக்கு அண்ணிதான் காரணம் என்று காந்திமதி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். காய்ச்சல்காரனுக்குக் கேப்பைக் கூழைக் கொடுத்துக் கொன்றாளாம். அண்ணி என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். தையல்நாயகி பரீட்சையில் தோற்ற சேதி வந்த அன்றைக்கு, கிணற்றடியில் நாலு பேர் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"அண்ணனை முழுங்கினவளுக்குப் புத்தகத்த முழுங்க வரலியே."

காந்திமதிக்குப் படிப்பு தண்ணீர் பட்ட பாடு. ஒரு பக்கத்தை ராகம் போட்டு நாலு தரம் வாசித்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். தையல்நாயகியும் அதையே செய்து பார்த்தாள். கோழி கூவுமுன் எழுந்து, அதே பக்கத்தை வாய் வலிக்கும்வரை வாசித்தாள். அடுப்பு மூட்டி முடிப்பதற்குள் எல்லாம் புகையோடு போய்விடும். தலைக்குள் களிமண்தான் இருக்கிறது என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

தை மாதத்தில் ஒருநாள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு மழை கொடுப்பது தென்மேற்குப் பருவக்காற்று என்று தையல்நாயகி தனக்குள் முணுமுணுத்தாள். காந்திமதி கையிலிருந்த தோலை வீசி எறிந்தாள்.

"தென்மேற்கு மலையத் தாண்டி வர்றதுக்குள்ள காலியாப் பூடும். நமக்குக் கொட்றது வடகிழக்கு. ஐப்பசியில நனைஞ்சிக்கினு களை எடுத்தியே, அப்பக்கூடவா தெரியல?"

தையல்நாயகி விடவில்லை. ஆடியில் ஒரு மழை பெய்ததே, அது எந்தக் காற்று என்று கேட்டாள். ஒரு தூறலை வைத்துக்கொண்டு நாட்டுக்கே சட்டம் சொல்லாதே என்றாள் காந்திமதி. மேற்குத் தொடர்ச்சி மலை, வங்காள விரிகுடா என்று வாய்க்கு வாய் பறந்தது. அஞ்சம்மாள் வந்து அதட்டிய பிறகுதான் ஓய்ந்தது.

மறுநாள் காலையில் சாணி கரைக்கும்போது தையல்நாயகிக்கு அந்தப் பாடம் முழுசும் ஞாபகம் வந்தது. ஒரு சொல் விடுபடவில்லை. கரைக்கிற கையை நிறுத்திவிட்டு யோசித்தாள். கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பில்லை என்று காந்திமதி சொன்னது, தலைத் தீபாவளியில் புடவைச் சாயத்தைப் பற்றிச் சொன்னது, எதுதான் அவளுக்கு மறந்தது? அவளைக் குத்திய வார்த்தை எதுவும் அவளை விட்டுப் போனதே இல்லை. மண்டை களிமண் இல்லை. சும்மா உள்ளே போவது அதில் தங்காது. மல்லுக்கட்டி உள்ளே போனால் உயிர் போகிறவரைக்கும் இருக்கும்.

அன்றையிலிருந்து அவள் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாள். அக்பர் பாபருக்கு மகன் என்பாள். காந்திமதி பாய்ந்து வந்து, பேரன் என்று கிழிப்பாள். கிழித்ததெல்லாம் இவளுக்குப் பாடம். திட்டு வாங்கித் திட்டு வாங்கியே சரித்திரத்தில் பாதி முடிந்துவிட்டது. அன்பாக ஒரு பாடம் கேட்க வேண்டியிருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருப்பாள். இதில் அந்தச் சங்கடம் இல்லை.

மாசி முடிவில் ஒருநாள், கிளைவைப் பற்றிப் புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்காகப் புரட்டினாள். வந்தவாசிச் சண்டையில் பிரெஞ்சுக்காரர்களை ஜெயித்தவன் கிளைவ்தான் என்று காந்திமதி அடித்துச் சொல்லியிருந்தாள். புத்தகத்தில் அயர் கூட் என்ற வெள்ளைக்காரன் பெயர் இருந்தது. தையல்நாயகிக்குச் சந்தேகம் வந்தது. பூகோளத்தைப் புரட்டினாள். கிருஷ்ணா நதி நாசிக்கில் பிறக்கவில்லை, மகாபலேஷ்வரத்தில் பிறந்தது. அதற்கு மேலும் பார்த்தாள். கொஞ்ச நாளாகக் காந்திமதி சொன்னதில் பாதி பொய்.

புத்தகத்தோடு நேரே கொல்லைக்குப் போய் அவள் முன்னால் நின்றாள்.

"வந்தவாசியில கிளைவுன்னு சொன்னியே, எங்க போட்டிருக்கு? காட்டு."

காந்திமதி துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தாள். முகத்தில் துளி வெட்கம் இல்லை.

"தெரிஞ்சேதான் சொன்னேன். என் மூளைய உறிஞ்சிக்கினு இருந்த நீ. நான் பாத்துக்கினு இருக்கணுமா?"

அன்றைக்கு நடந்தது சண்டை இல்லை, யுத்தம். ஒவ்வொரு பொய்யாக எடுத்து, பக்கத்தை விரித்து, அவள் முகத்துக்கு நேரே நீட்டி வாசித்தாள் தையல்நாயகி. இது என்ன, இது என்ன என்று கேட்டாள். காந்திமதியும் சளைக்கவில்லை. புத்தகமே தப்பு, அச்சடித்தவன் குடிகாரன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப்பக்கம் கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் தொண்டை கட்டிப்போய்த் தையல்நாயகி உட்கார்ந்தபோது, அத்தனை பொய்யும் வேரோடு பிடுங்கப்பட்டு, அந்த இடத்தில் சரியானது நின்றது.

அதற்குப் பிறகு காந்திமதி அவளிடம் வாயே திறக்கவில்லை. தையல்நாயகிக்கும் அது தேவைப்படவில்லை. ஒரு வரியை வாசிப்பாள். புத்தகத்தை மூடுவாள். அதெப்படி, யார் சொன்னது, இல்லையென்றால் என்ன ஆகும் என்று காந்திமதியின் குரலிலேயே தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். பதில் சொல்லிவிட்டுத் திறந்து பார்ப்பாள். பார்க்காமல் எந்த வாதத்தையும் முடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, இது பெரிய பேஜாராகிவிட்டது என்று அஞ்சம்மாள் அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

பரீட்சை விழுப்புரத்தில். ஒரே ரயிலில் போனார்கள், வேறு வேறு பெட்டியில். சமூகப் பாடம் முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிக்கூட வாசலில் காந்திமதி காத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி," என்றாள். அந்த வார்த்தை கேட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. "வந்தவாசியில அயர் கூட்டுதானே?"

"அயர் கூட்டுதான். நீ இன்னா எழுதின?"

காந்திமதி அடுத்ததாகக் கிருஷ்ணா நதியைக் கேட்டாள். தையல்நாயகி சொன்னாள். இன்னொன்று கேட்டாள். அதையும் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் காந்திமதியின் உதடு இறுகிக்கொண்டே போனது. அப்போதுதான் தையல்நாயகிக்கு விளங்கியது. பொய்யை அத்தனை ஆங்காரத்தோடு திரும்பத் திரும்பச் சொன்னவள் இவள். கேள்வித்தாளைப் பார்த்ததும் ராகம் போட்டுப் படித்தது பின்வாங்கிவிட்டது. ஆங்காரத்தோடு சொன்னது முந்திக்கொண்டு கைக்கு வந்துவிட்டது.

தையல்நாயகிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, பசித்தவள் சோற்றைப் பார்த்ததுபோல. போகட்டும் விடு என்று ஒரு வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. கேப்பைக் கூழ் பேச்சு ஞாபகம் வந்தது. சொல்லாமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

தையல்நாயகி தேறினாள். காந்திமதி சமூகப் பாடத்தில் தோற்றுப்போனாள். சண்டை சண்டை என்று இழுத்து என் மூளையைக் குழப்பிவிட்டாள் என்று காந்திமதி தாயிடம் அழுதாள். தாய் பெண்ணைத்தான் நம்பினாள். பயிற்சிக்குப் போகிறவள் அப்படியே போகட்டும், இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தையல்நாயகி டிரங்குப் பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

புறப்பட்ட அன்று டிரங்குப் பெட்டியைத் தூக்க யாரும் வரவில்லை. தெருமுனையில், தண்ணீர்க் குடத்தோடு காந்திமதி எதிரே வந்தாள். ஒதுங்காமல் நடுவில் நின்றாள்.

"அடுத்த வருசம் உன்னவிட ஜாஸ்தி மார்க்கு வாங்கிக் காட்றேன்."

"வாங்கு," என்றாள் தையல்நாயகி. "ஆனா ராகம் போட்டுக்கினு உக்காராத. ஒவ்வொரு வரியையும் எதுத்துக் கேளு. கேட்டுட்டுப் புத்தகத்தப் பாரு."

"உங்கிட்ட யாரு யோசனை கேட்டாங்க? போ," என்றாள் காந்திமதி. ஆனால் உடனே வழிவிடவில்லை. இன்னும் ஏதாவது சொல்வாளோ என்று பார்ப்பவள்போல ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு நகர்ந்தாள்.