அபெனிசாவின் காவாப் பொடி

என் பெயர் நெத்தானி. வயது இருபத்திரண்டு. பிரிஸ்பேனில், எங்கள் ஊரில் தண்ணீரில் கலந்து குடிக்கிற காவா வேரைப் பொடியாக்கும் ஷெட்டில் வேலை செய்கிறேன். ஊரில் இருக்கும் அம்மாவுக்காகப் போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது.

மில்லை ஓட்ட எங்கள் இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், மற்றவர் சீசன் முடிந்ததும் எங்கள் தீவான கண்டாவுக்குத் திரும்ப வேண்டும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அந்த இடம் மாமா மகன் அபெனிசாவுக்குப் போய்விட்டது.

வீட்டில் வேரை இடித்துத் துணியில் பிழிவோம். இங்கே பிழியக் கூடாது. பொடியைப் போட்டதும் தண்ணீரில் கலந்துவிட வேண்டும்; யார் பொடி நன்றாகக் கலக்கிறதோ அவருக்குத்தான் வேலை. நைஸாக அரைத்தால் போதும் என்று நினைத்தேன். ஒருமுறை அரைத்ததை மறுபடி மில்லில் போட்டேன். முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி வந்தது. அபெனிசாவோ தன் பொடிமேல் பனி போலத் தண்ணீர் தெளித்து, மறுபடி உலர்த்தினான்.

"ஏன் மச்சான், காயவச்ச வேரை மறுபடி குளிப்பாட்டுற?" என்றேன்.

"உன் மூஞ்சிக்கும் தெளிக்கட்டா? கொஞ்சமாவது இளகும்."

மச்சான் கேலி செய்தால் கோபப்படக் கூடாது. சிரித்தேன். மில் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூடத்தில் போதகர் எங்கள் இருவர் பொடியையும் கலக்கி ருசி பார்த்தார். மேனேஜர் கரலைனி அக்கா பக்கத்தில் நின்றார். என் பொடி தண்ணீரில் மிதந்து உருண்டை உருண்டையாகத் திரண்டது. அபெனிசாவின் பொடி தண்ணீரை உறிஞ்சி, இறங்கிப் பரவியது.

போதகர் எங்கள் வழக்கப்படி ஒரு முறை கைதட்டி என் கோப்பையை வாங்கினார். ஒரே மூச்சில் குடிக்க வேண்டியவர் பாதியில் இருமினார்.

"தம்பி, இது குடிக்கிறதா, மெல்லுறதா?"

பதறிப்போனேன். கை தானாக மேசைத் துணியை உருவி, மிச்சத்தை அதில் ஊற்றிப் பிழிந்தது.

"துணி வேண்டாம்னுதானே அந்த மில்லையே வாங்கினோம், நெத்தானி," என்றார் அக்கா. கூடமே சிரித்தது.

அபெனிசாவின் கோப்பை காலியானது. குடித்து முடித்ததற்கு அடையாளமாகப் போதகர் மூன்று முறை கைதட்டினார். "கடைசி வாய் மட்டும் கொஞ்சம் நறநறங்குது," என்றார். அங்கேயே அக்கா அவனுக்கு வேலையைச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து அபெனிசா என் தோளில் இடித்தான்.

"மச்சான், உன்ன மாதிரி நைஸா எனக்கு அரைக்க வரல. நீ அரை, நான் தெளிக்கிறேன். அக்காகிட்ட கேக்கட்டா?"

"கேளு," என்றேன். அவன் கேட்டு வாங்கித் தரும் வேலை. அதுவும் எனக்கு வேண்டியிருக்கிறது. அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.

இதைப் படித்துக் காட்டுகிறவரே, அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். அபெனிசாவுக்கு வேலை கிடைத்ததற்காக அம்மா இந்த ஞாயிறு சபையில் எழுந்து நன்றி சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு வாரம் வேண்டும், அடுத்த ஞாயிறு சொல்லட்டும்.