நான் ஆராய்ந்த தீவு

மேலூர்ப் பள்ளியில் முப்பது வருஷம் புவியியல் நடத்தியவன் நான். நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு என்று எத்தனையோ பிள்ளைகளை எழுத வைத்திருக்கிறேன். கடலில் கால் வைத்ததில்லை. ஓய்வு பெற்றதும், அறுபது வீடுகளே உள்ள ஒரு மீனவத் தீவுக்குப் படகேறினேன். நான்கு நாள் தங்கினேன். முதல் நாள் முழுக்க வாந்தி. மீதி மூன்று நாளில் அந்த மக்களின் வாழ்வையும் மரபையும் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைத்து, மதுரை கோச்சடையில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பி நூறு பக்கப் புத்தகம் எழுதினேன்.

வெளியீட்டு விழா சிம்மக்கல்லில், ஒரு சின்ன மண்டபத்தில். முப்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் என் சம்பந்தி வீட்டார். பின்வரிசையில் முத்திருளன். அந்தத் தீவுக்காரன், இங்கே மொத்தக் கடையில் மூட்டை தூக்குகிறான். அவனுடைய அக்கா சீனியம்மாள் வீட்டில்தான் நான் தங்கியிருந்தேன்.

குரலை உயர்த்தி வாசித்தேன்: "வலையில் விழுந்த முதல் மீனைக் கடலன்னைக்கே திருப்பிக் கொடுக்கும் தொன்மையான சடங்கை என் கண்ணால் கண்டேன்."

முத்திருளன் எழுந்தான். "சார், அது பேத்தை மீனு. தின்னா ஆளு காலி. அதான் தூக்கி எறிஞ்சிருக்காக."

மண்டபமே சிரித்தது. சம்பந்தி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். மானத்தைக் காப்பாற்ற வேறு பக்கம் புரட்டினேன். "தீவில் தண்ணீர்ப் பஞ்சம் என்பது கட்டுக்கதை. நான் தினமும் இரண்டு வேளை குளித்தேன்."

அவன் தயங்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நீங்க குளிச்சது நாலு வீட்டுக் குடிதண்ணி சார். ஊத்துல சொட்டுச் சொட்டா ஊறுறத தேங்காச் செரட்டையில மொண்டு சேக்கணும். ஒரு கொடம் நெறைய அரை நாளாகும். எங்கக்கா பக்கத்து வீடுகள்ல கேட்டு வாங்கி வச்சுச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா?"

"விருந்தாளிகிட்ட எப்படி சார் சொல்றது? மதுரைக்காரவுக, அம்புட்டு வாந்தி எடுத்திருக்காக, நல்லாக் குளிக்கட்டும்னுச்சு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு நான் பாட்டு வேறு பாடியது நினைவுக்கு வந்தது. புத்தகத்தை மூடினேன். "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்று கைதட்டல் வாங்கிய ஒரே வரி அதுதான்.

மறுமாதம் இரண்டு பெரிய தண்ணீர் கேன்களோடு பஸ்ஸும் படகும் மாறித் தீவில் இறங்கினேன். வேர்வை நாற்றம் எனக்கே தாங்கவில்லை. சீனியம்மாள் சிரித்த முகத்தோடு கரைக்கு வந்தார்.

"வாங்க சார். மொதல்ல குளிக்கிறீகளா?"

"வேணாம்மா. மதுரையிலயே குளிச்சிட்டுத்தான் வாரேன்" என்றேன்.