பஞ்சாட்சரத்தின் காரம்

ஆம்பூரில் அந்தத் தோல் தொழிற்சாலையில் பஞ்சாட்சரம் என்று இரண்டு பேர் வேலை செய்தார்கள். யாராவது வந்து எந்தப் பஞ்சாட்சரம் என்று கேட்டால், வாசலில் இருக்கிற வாட்ச்மேன், "பச்சமொளகா கடிக்கிறவரா, இல்ல இன்னொருத்தரா?" என்பார். பச்சை மிளகாய் கடிக்கிறவர் மாதனூர்க்காரர். டிரம்மில் இருந்து வருகிற ஈரத்தோலை விரித்துக் காயப்போடும் பகுதியில் வேலை. மதியம் டிபன் டப்பாவைத் திறந்ததும் சட்டைப் பையிலிருந்து மிளகாய் எடுத்து, வெள்ளரிக்காய் கடிப்பதுபோல் கடிப்பார். கண் கலங்காது.

காரத்தில் அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. மிளகாய் நாக்கைப் பிடிக்கும், மிளகு தொண்டையில் நிற்கும், கடுகு மட்டும்தான் மூக்குக்கு ஏறும் என்பார். எல்லாவற்றிலும் கடுகுதான் ஒசத்தி. தாளிக்கிற கடுகு இல்லை. அது வெறும் சத்தம். பச்சைக் கடுகைப் புளியோடும் வரமிளகாயோடும் வைத்து அம்மியில் அரைத்து, உடனே சோற்றில் பிசைந்து வாயில் போட வேண்டும். உச்சந்தலையில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருக்குமாம்.

அவர் மனைவி சுந்தரிக்குக் காரமே ஆகாது. விரிஞ்சிபுரத்தில் அவள் பிறந்த வீட்டில் அப்பாவுக்கு வயிற்றுப் புண். மிளகாயை விதை நீக்கிக் கிள்ளிப் போடுகிற வீடு. கல்யாணமாகி மாதனூர் வந்த புதிதில் மாமியார் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, பின்பக்கம் போய்க் குழாயடியில் வாயைத் திறந்தபடி நின்றாள். பஞ்சாட்சரம் வெல்லக்கட்டியோடு வந்து, "அழுவாத, நாளைல இருந்து உனக்குத் தனியா எடுத்து வச்சுக்க" என்றார்.

அப்படித்தான் நடந்தது. தனக்கும் மகள் நந்தினிக்கும் முதலில் குழம்பை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியில் மிளகாய் விழுதைப் போட்டுக் கொதிக்க விடுவாள். அந்தக் குழம்பை அவள் ஒரு நாளும் ருசி பார்த்ததில்லை. நிறத்தையும் நெடியையும் வைத்து ஒரு கணிப்பு. அவர் முதல் வாய் சோற்றைப் போட்டதும் முகத்தைப் பார்ப்பாள். புருவம் லேசாகத் தூக்கினால் சரியாக வந்திருக்கிறது. வேறு கேள்வி கிடையாது. நந்தினி வளர்ந்து, கலவை என்கிற ஊரில் கட்டிக்கொடுத்துப் போன பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை.

ஒரு நாள் புருவம் தூக்கவில்லை. முகம் சுளித்தது.

"இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் பஞ்சாட்சரம்.

சுந்தரி சிரித்துவிட்டாள். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. மறுநாள் விழுதைக் குறைத்தாள். அதற்கும் தண்ணீர் கேட்டார். மிளகாய்தான் மாறிவிட்டதோ என்று வேறு கடையில் வாங்கினாள். அரைவை மில்லையும் மாற்றினாள். அவர் குழம்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு மோர் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார், வெயில் என்பார். மிளகாயைப் பையில் போட்டுக்கொண்டு போவது மட்டும் நிற்கவில்லை. டிபன் டப்பாவும் காலியாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போனார். சட்டை தோளில் தொங்கியது.

டப்பா காலியாகிறது, வீட்டில் சாப்பிட முடியவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. இதை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தபோது சுந்தரிக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. வெளியில் சொல்ல வெட்கமான காரணம். எங்கோ வேறு ஒரு கைச் சமையல் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தாள். அவள் நினைத்ததை அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் வைத்துப் புழுங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வேண்டுமென்றே பழைய அளவுக்கு மிளகாய் போட்டாள். தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் மோர்ச் சொம்பை எடுக்கப் போனார். அதை அவள் தள்ளி வைத்தாள்.

"என் கைச் சமையல் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லிடு. நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்."

பஞ்சாட்சரம் அவளைப் பார்த்தார். குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். சின்னச் சின்ன உருண்டையாக, மெதுவாக, தட்டு காலியாகிற வரைக்கும். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அப்புறம் எழுந்து பின்பக்கம் போனார். வெகுநேரம் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. வீம்புக்குச் சாப்பிடுகிறார் என்று சுந்தரி நினைத்தாள்.

அந்த வாரத்திலேயே தன்சீல் அகமது வீட்டுக்கு வந்தார். பஞ்சாட்சரத்தோடு ஒரே பகுதியில் வேலை செய்கிறவர், பழைய தோஸ்த். பஞ்சாட்சரம் கடைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வந்திருந்தார். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். சொல்லலாமா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை.

பஞ்சாட்சரம் மதியம் சாப்பிடுவதே இல்லை என்றார் தன்சீல். டப்பாவைத் திறந்து மற்றவர்களுக்குப் பங்கு போட்டுவிடுகிறாராம். மிளகாயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு இருப்பதோடு சரி. கேண்டீனில் ஒரு பன் வாங்கி, டீயில் ஊற வைத்து, அதையும் பிய்த்துப் பிய்த்து ஒரு பக்கமாக மெல்லுகிறாராம்.

"வாய் தொறக்கவே கஸ்டப்படறான் அண்ணி" என்றார். "நான் கேட்டா பல்லு வலின்றான். எனக்கு அப்படித் தெரில. நீங்க ஒரு தடவை பாருங்க."

பஞ்சாட்சரம் திரும்பி வந்ததும் சுந்தரி அவர் கையைப் பிடித்து வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாயைத் திற என்றாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவள் விடவில்லை. அவர் திறந்தார். இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. உள்கன்னம் வெளுத்து, வார்போல் விறைத்துக் கிடந்தது. கடைவாய்ப் பக்கம் ஒரு புண். மாவா என்கிற புகையிலைப் பாக்குத்தூள் போடுகிறவர் என்பது அவளுக்குத் தெரியும். தோல் நாற்றத்தில் நிற்கிறவர்கள் பாதிப் பேர் கன்னத்தில் ஏதாவது அடக்கிக்கொண்டுதான் நிற்பார்கள் என்பதால் அதை அவள் பெரிதாக நினைத்ததில்லை. புண்ணைப் பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது அவள் நெஞ்சில் அப்படியே கல்லாக உட்கார்ந்தது.

வேலூருக்குப் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். வாய் எரிச்சல் எப்போது ஆரம்பித்தது என்றார்.

"போன வருசம் மாங்கா சீசன்ல இருந்து" என்றார் பஞ்சாட்சரம்.

சுந்தரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சதையைக் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும், பிறகு கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் கேட்டாள்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"காரம் தாங்கலன்னு எப்படிச் சொல்றது சுந்தரி" என்றார். "ஊருக்கெல்லாம் என்னை அப்படித்தான் தெரியும். எனக்கும் என்னை அப்படித்தான் தெரியும். நாளைக்குச் சரியாய்டும், நாளைக்குச் சரியாய்டும்னு இருந்துட்டேன்."

அவள், அந்த ஞாயிற்றுக்கிழமை மோர்ச் சொம்பைத் தள்ளி வைத்ததைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அவருக்கு அது புரிந்துவிட்டது. "குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.

கன்னத்தில் பாதியை எடுத்துவிட்டு, தொடைச் சதை வைத்துத் தைத்தார்கள். பிறகு கரண்ட். வாயில் எச்சில் வற்றிப்போனது. உப்பு, புளிப்பு, இனிப்பு எதுவும் தெரியவில்லை. எரிச்சல் மட்டும் தெரிந்தது. வெறும் ரசத்தின் தெளிவுகூட நெருப்புபோல் இருந்தது. சுந்தரி அரிசியை வறுத்து உடைத்துக் குழையக் குழையக் கஞ்சி காய்ச்சினாள். மீன் வாங்கினால் வேகவைத்து, முள் பார்த்து எடுத்து, கையாலேயே மசித்து ஊட்டினாள். அவளும் அதையே சாப்பிட்டாள். கலவையிலிருந்து வந்திருந்த நந்தினியும் அதையே சாப்பிட்டாள். மிளகாய் டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார்கள்.

சில வாரம் போனதும் பஞ்சாட்சரத்துக்குக் கோபம் வந்தது. பேச்சு தெளிவாக வராது. சொன்னதையே இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் சமையல் வாசனையே இல்லை, இது ஆஸ்பத்திரி வார்டா வீடா என்று கேட்டார். மீன் குழம்பு வை என்றார். நீ எப்படிச் சாப்பிடுவாய் என்று அவள் கேட்டாள்.

"நானா? நீ சாப்புடு. நான் பாக்கறேன்."

சுந்தரி தயங்கினாள். அவர் பிடிவாதமாக இருந்தார். கடைசியில் வைத்தாள். பழைய அளவு விழுது போட்டாள். நெடி வீடு முழுக்க ஏறியது. கட்டிலில் சாய்ந்திருந்த பஞ்சாட்சரம் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் அவருக்கு எதிரில் தட்டோடு உட்கார்ந்து, கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவருக்கென்று வைத்த குழம்பை முதல் தடவையாகச் சாப்பிட்டாள்.

நாக்கு பற்றி எரிந்தது. மூக்கும் கண்ணும் ஒழுகின. "எரியுதுய்யா" என்றாள்.

"அது தெரியும். எங்க எரியுது சொல்லு. முன்னாலயா, ஓரத்துலயா?"

"ஓரத்துல. அப்புறம் உதட்டுல."

"புளி முன்னால வருதா, மொளகா முன்னால வருதா?"

அவள் இன்னொரு வாய் போட்டுப் பார்த்துச் சொன்னாள். புளிதான் முன்னால். மிளகாய் கொஞ்சம் பொறுத்துத்தான் வருகிறது. அப்புறம் காது மடல் சுடுகிறது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதி முகம்தான் அசைந்தது. ஆனாலும் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. அவர் என்ன கேட்கிறாரோ அதைச் சமைத்துச் சாப்பிட்டு அவரிடம் சொல்வாள். முதலில் எரிகிறது என்பதைத் தவிர அவளுக்கு வார்த்தை இருக்கவில்லை. போகப் போகச் சொல்லத் தெரிந்தது. குண்டு மிளகாய்க்கும் நீட்டு மிளகாய்க்கும் இருக்கிற வித்தியாசம்கூடப் பிடிபட்டது. தன்சீல் ஒரு தடவை வீட்டுப் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் கொண்டுவந்தார். அதையும் அவள் சாப்பிட்டுச் சொன்னாள். தன்சீல் பாதியிலேயே எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

ஒரு நாள் கடுகு கேட்டார். அவள் பச்சைக் கடுகைத் தண்ணீர் தெளித்து அரைத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து மூக்கருகில் கொண்டுபோய் மூச்சை இழுத்தார். உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு தடவை இழுத்தார். வாயில் ருசி எதுவும் தெரியாதவருக்கு மூக்கில் அது தெரிந்துவிட்டது.

"ஏறுது" என்றார். "சுந்தரி, ஏறுது."

அன்றைக்கு அவர் நிறையப் பேசினார். பாதி புரியவில்லை. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

நோய் திரும்பி வந்து கழுத்தில் கட்டியானபோது டாக்டரம்மா நந்தினியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இனி வேலூருக்கு அலைய வேண்டாம் என்று பஞ்சாட்சரமே சொல்லிவிட்டார். கடைசியில் கஞ்சியும் இறங்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார்கள். ஆடி மாதம் ஒரு காலை நேரம், சுந்தரி தலை வாரிக்கொண்டிருந்தபோது, அவள் பக்கம் திரும்பிப் படுத்தபடியே போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் கறிப் படையல். அவர் தம்பி பெண்சாதி மோகனாதான் சமைத்தாள். கூடத்தில் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு எல்லாவற்றையும் பரிமாறினாள். சோறு, கறி, முட்டை. நடுவில் செக்கச்செவேல் என்று மீன் குழம்பு. இலை ஓரத்தில் பச்சை மிளகாய் வைத்தாள். சொந்தக்காரர்கள் கும்பிடக் காத்திருந்தார்கள்.

சுந்தரி இலையைப் பார்த்தாள். "அந்தக் குழம்ப எடுத்துடு மோகனா" என்றாள்.

"மாமாவுக்குப் புடிச்சதாச்சே அக்கா."

"வாய் புண்ணா இருக்குது அவருக்கு."

மோகனா என்ன செய்வது என்று தெரியாமல் கரண்டியோடு நின்றாள். நந்தினி வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"இனிமே அப்பாவுக்கு எரியாதும்மா."

"உனக்குத் தெரியுமா?" என்று சுந்தரி கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நந்தினி அழ ஆரம்பித்தாள்.

சுந்தரி மோகனாவை விலகச் சொல்லிவிட்டு இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குழம்பை எடுக்கச் சொல்லவில்லை. மீன் துண்டை உதிர்த்து, முள்ளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து எடுத்து ஓரத்தில் வைத்தாள். குழம்பைச் சோற்றில் ஊற்றிக் கையால் பிசைந்தாள். ஒரு பருக்கைகூட முழுசாக இல்லாமல் குழைய வேண்டும் என்பதுபோல் பிசைந்துகொண்டே இருந்தாள். பஞ்சாட்சரத்தின் தம்பி கையில் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். ஏற்றட்டுமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.