கூட விளையாடியது யார்?

“ரூம்ல யாரு உண்டு?”

“யாரு இருக்கப் போறா? நான் மட்டும்தான்.”

“பேச்சுத் துணைக்குக்கூட ஆளு இல்லியா?”

“ஏட்டி, ஓவர்டைம் முடிஞ்சு வந்தா கட்டில்தான் துணை. நீ போன வை.”

2009 மே மாதம் மஸ்கட்டிலிருந்து ஷிஜின் சொன்னது இது. ஆகஸ்டில், தான் வேலை பார்க்கும் கருங்கல் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பெபிஷாவுக்கு அது ஒரு வார்த்தை விடாமல் நினைவுக்கு வந்தது.

ஷிஜின் விடுமுறையில் வந்த அன்று, வழக்கம்போல் சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார, கயிறு கட்டிய பெட்டியைப் பிரித்தார்கள். சோப்பு, தைலம், போர்வை எல்லாம் வெளியே வந்தன. கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் கருவி ஒன்று மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள்தான் அவனுடைய பேன்ட் பையிலிருந்து வந்தது. அன்றிலிருந்து கீழே வைக்கவில்லை. கேட்டால், “சூப்பர் கேம், மக்கா” என்றான்.

கணவனுக்குப் பிடித்ததைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் அந்த மதியம் அந்த விளையாட்டைப் பற்றி இணையத்தில் தேடினாள். ஆறு விமர்சனங்கள். ஆறும் திட்டியிருந்தன. ஒரே பொத்தானை அமுக்கு, வெட்டு, கதவு திறக்கும், மறுபடியும் வெட்டு. எதிரிகளின் சட்டை நிறம் மட்டும் மாறுகிறது என்று ஒருவர் பத்துக்கு நான்கு கொடுத்திருந்தார். இன்னொருவர், “தனியாகப் பத்து மணி நேரம் ஆடினால் அது தண்டனை. இரண்டாவது கருவியோடு இன்னொருவர் அதே அறையில் இருந்தால் மட்டும் ஏதோ பொழுது போகும்” என்று எழுதியிருந்தார்.

அன்று மாலை ஷிஜின் குளிக்கப் போனதும் பெபிஷா கருவியை எடுத்தாள். ஆட்ட விவரத்தில் இருந்தது: மொத்தம் 212 மணி நேரம். துணையோடு 190.

ஒரே அறையில், நூற்றுத் தொண்ணூறு மணி நேரம். யார்?

நாலு நாள் அவள் கேட்கவில்லை. அவன் போனை எடுத்து முற்றத்துக்குப் போனால் ஜன்னல் பக்கம் நின்றாள். அவன் சிரித்தால் எதற்கென்று யோசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது பக்கத்துத் தெரு ஜெபமணி கையைப் பிடித்தாள். அவள் கணவன் கிளீட்டஸும் மஸ்கட்டிலிருந்து அந்த வாரம்தான் வந்திருந்தான்.

“ஏட்டி பெபி, எனக்க மாப்பிள வந்த நாள்ல இருந்து ஒரு சாமானத்த வச்சு நோண்டுதாரு. குருசு வரைஞ்சிட்டுப் படுக்குத ஆளு, இப்ப வாள வீசிட்டுப் படுக்குதாரு!”

பெபிஷா அவளோடு அவள் வீட்டுக்கே போனாள். கருவியை வாங்கிப் பார்த்தாள். துணையோடு 190.

பெண் இல்லை. ஆனால் நிம்மதி வரவில்லை. ஓவர்டைம் செய்தவர்களுக்கு இத்தனை நேரம் எங்கிருந்து வந்தது? கிளீட்டஸ் கூட இருக்கிறான் என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

ஷிஜின் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தான்.

“கிளீட்டஸ் அண்ணன்கூட நூத்தித் தொண்ணூறு மணி நேரம் வெட்டியிருக்கீங்க. எப்ப வேலைக்குப் போனிய?”

கத்தி நின்றது.

“ஏப்ரல்ல வேலை சைட்ட அடைச்சிட்டானுவ” என்றான். “மூணு மாசம். லேபர் கார்டு தீந்துபோச்சு, ரோட்டுல எறங்கினா போலீசு பிடிக்கும். ஊருக்குப் போன ஒரு பிலிப்பைன்ஸ்காரன் ரெண்டையும் குடுத்துட்டுப் போனான்.”

“அண்ணன் பேர எதுக்கு மறைச்சிய?”

“சொன்னா நீ ஜெபமணிகிட்ட பேசுவ. அவ அவன்கிட்ட கேப்பா. ரெண்டு பேருக்க கள்ளமும் வெளிய வந்திரும். அதான், போன்ல ஒருத்தன் பேர ஒருத்தன் எடுக்கப்பிடாதுன்னு சத்தியம் பண்ணிக்கிட்டோம்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“சூப்பர் கேம்னு சொன்னிய. வாசிச்சுப் பாத்தேன். எல்லாவனும் திட்டி வச்சிருக்கான்.”

“எனக்குத் தெரியாதா? ஒரே வெட்டு, ஒரே கதவு. ஆனா வெட்டுத நேரம் வேற ஒண்ணும் நினைக்கண்டாம்லா.” மரச்சீனியைத் தண்ணீரில் போட்டான். “இப்ப சைட்டு தொறந்தாச்சு, கார்டும் புதுக்கியாச்சு. பத்தொம்பதாம் தேதி டிக்கெட்டு.”

“மறுபடியும் அடைச்சா?”

“பாப்போம்.”

கல்யாணம் முடிந்து இருபத்தேழாம் நாள், அவனை வழியனுப்பிய திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் ஒரு வார்த்தை அவள் வாய் வரை வந்தது. புறப்படுகிற ஆளைத் தடுக்கக் கூடாது என்று மாமியார் கையை அழுத்தியதால் விழுங்கினாள். அதற்குப் பின் இரண்டு விடுமுறைகளிலும் விழுங்கினாள். இப்போது அவன் கையிலிருந்து கத்தியை வாங்கிக் கீழே வைத்தாள்.

“நீங்க போவாண்டாம்” என்றாள். “இங்க எனக்ககூட இருங்க.”