கீதாஞ்சலி ஆரணிக்குப் போவாளா?

"மிஷின் ரிப்பேரும்மா. நாளைக்கு வாயேன்" என்றாள் மருதேவி. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறாள். பட்டா, சாதிச் சான்றிதழ், விவாகரத்து மனு என்று ஊராரின் அந்தரங்கமெல்லாம் அவள் கைவழியாகத்தான் போகும். ஒன்றுகூட அவள் வாய்வழியாக வெளியே வந்தது கிடையாது. தாளைப் பார்ப்பாளே தவிர படிக்கமாட்டாள். ஆனால் அந்த வியாழக்கிழமை, உள்ளூர் அணியில் ஆடும் கீதாஞ்சலி நீட்டிய ஃபைலில் மேலாக இருந்த தாளைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. தலைப்பில் பாய்கிற புலி. ஆரணி வேங்கை மகளிர் கால்பந்துக் கழகம். அதற்குக் கீழே தடித்த எழுத்தில், 'வீராங்கனை கழகம் மாறுவதற்கான படிவம்'.

வரிசையில் இன்னும் பத்துக் கடை இருக்கிறது. இந்தப் பெண் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அவளோ, "சரிக்கா, நாளைக்கே வரேன்" என்று தலையாட்டிவிட்டுப் போனாள். மருதேவிக்கு அதுதான் முள்ளாகக் குத்தியது.

மருதேவிக்கும் கால்பந்துக்கும் மூன்று வருடப் பழக்கம். திருவண்ணாமலையில் பெண்களுக்கென்று 'தீபம்' என்ற கழகத்தைத் தொடங்கிய நந்தினி டீச்சர், முதல் போட்டிக்கான நோட்டீஸை இவள் கடையில்தான் நகல் எடுத்தார். இருநூறு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவள், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று மைதானத்துக்குப் போனாள். வீட்டில் அதட்டிக்கூடப் பேசாதவள், அன்றைக்குத் தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து ஒரு போட்டியையும் விட்டதில்லை. ஜைனக் குடும்பம் என்பதால் பொழுது சாய்ந்தபிறகு சாப்பிடமாட்டாள். ஆஃப் டைமில் டிபன் பாக்ஸைத் திறந்து, ஆட்டத்தை அலசிக்கொண்டே இரண்டு இட்லியை முடித்துவிடுவாள்.

அவளோடு உட்கார்ந்து அலசுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆட்டோ ஓட்டும் சக்கரபாணி. மற்றவர் ரமணாசிரமம் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கும் அப்பாதுரை. போட்டி இல்லாத நாட்களில் சாயங்காலம் இருவரும் மருதேவியின் கடை வாசலில்தான் இருப்பார்கள்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சக்கரபாணி ஆட்டோவை நிறுத்தும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"சேதி தெரியுமாக்கா? நம்ம கீதாஞ்சலி ஆரணிக்குப் போறா!"

மருதேவி கல்லாப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு சொன்னது?" என்று கேட்டார் அப்பாதுரை.

"என் மச்சான் ஆரணி பஸ் ஸ்டாண்டுல பார்த்திருக்கான். வேங்கை கிளப்பு செக்ரட்டரி பக்கத்துல நின்னு பேசிக்கினு இருந்தாளாம். கையில ஃபைலு."

"பட்டுப் புடவை எடுக்கப் போயிருப்பா. ஆரணிக்குப் போறவங்க எல்லாம் கிளப்பு மாறவா போறாங்க?"

"புடவைக் கடையில செக்ரட்டரிக்கு இன்னா வேலை? நீ ஒண்ணும் தெரியாத ஆளுய்யா."

"அந்தப் பொண்ணு போகாது. போன வருஷம் வேலூர்க்காரங்க கூப்பிட்டப்பவே போகலையே."

"அப்ப அவளுக்குப் பதினெட்டு வயசு. இப்ப வெவரம் வந்துடுச்சு. நான் மூணு வருஷமா பாக்கறேன், அவளுக்குத் திமிரு ஜாஸ்தி. ப்ராக்டிஸ்ல ஆறு மணி ஆனா போதும், பையைத் தூக்கிக்கினு பாதியிலேயே கிளம்பிடறா. மத்த பொண்ணுங்க ஏழு வரைக்கும் ஓடுதுங்க. அதனாலதான் டீச்சர் அவளை எப்பவும் சப்ஸ்டிட்யூட்டா உட்கார வைக்கறாங்க. கடைசி இருபது நிமிஷம் வந்து ஒரு கோல் போட்டா ஆச்சா? மனசு இங்க இல்லக்கா அவளுக்கு."

அப்பாதுரை விடவில்லை. "மனசு இல்லாதவளா இந்த சீசன்ல ஒன்பது கோல் போட்டா? அதுவும் கடைசி இருபது நிமிஷத்துல?"

"அதான் சொல்றேன். அந்த ஒன்பதையும் நாளைக்கு நம்ம வலைக்குள்ளாரயே போடுவா!"

பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. டீக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர், எந்தக் கழகம் எது என்றே தெரியாமல் இரண்டு பக்கமும் பேசினார். கடைசியில் சக்கரபாணி ஒரு தீர்ப்புச் சொன்னார்: அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை தீபத்துக்கும் வேங்கைக்கும் போட்டி. கீதாஞ்சலி எந்தச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினாலும் சரி, நம் ஆட்கள் எல்லாரும் எழுந்து முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.

"நீ இன்னாக்கா ஒண்ணும் பேசாம இருக்கே? போவாளா, மாட்டாளா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் மருதேவி. ஒரே நாளில் இரண்டாவது பொய்.

வெள்ளிக்கிழமை கடை திறந்த அரைமணியில் கீதாஞ்சலி வந்து நின்றாள். ஒல்லியான, உயரமான பெண். முழங்காலில் போன வாரத்துச் சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை. மருதேவி ஃபைலை வாங்கினாள். உள்ளேயிருந்த தாள்களை ஒவ்வொன்றாக வைத்து நகல் எடுத்தாள். கைதான் வேலை செய்தது. மனசு ஒட்டவில்லை. கடைசித் தாளை எடுத்ததும் சொல்லிவிட்டாள்.

"நேத்து மிஷின் நல்லாத்தான்மா இருந்துச்சு. தலைப்பைப் பார்த்துட்டேன். உன்னைத் திருப்பி அனுப்பினது தப்பு. மன்னிச்சுடு."

கீதாஞ்சலி சிரித்தாள். "தெரியும்க்கா. மிஷின் ஓடற சத்தம் கேட்டுக்கிட்டுத்தானே உள்ள வந்தேன்."

மருதேவிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அப்புறம் ஏம்மா வேற கடைக்குப் போகல?"

"எனக்கும் ஒரு நாள் தள்ளிப்போனா நல்லாருக்கும்னு தோணுச்சு." தாள்களை ஃபைலில் அடுக்கியபடியே சொன்னாள். "புதன்கிழமை அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணும்க்கா. கொடுக்க இஷ்டமே இல்ல. ஆனா அங்க ஹாஸ்டல் தர்றாங்க. கிரவுண்டு பக்கத்துலேயே ரூம். இங்க எனக்கு ஆறேகால் பஸ்ஸுதான் கடைசி."

அத்தியந்தல் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஊர் அவளுடையது. ஆறேகாலை விட்டால் அப்புறம் பஸ் கிடையாது. முழுப் பயிற்சி எடுக்காதவளை முதல் பதினொன்றில் இறக்கமாட்டேன் என்பது நந்தினி டீச்சரின் சட்டம். அது எல்லாருக்கும் ஒன்றுதான்.

"டீச்சர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சைக்கிள்ல வான்னாங்க. உள்ரோட்டுல ஒரு லைட்டு கிடையாது. எங்கம்மா விடவே மாட்டாங்க. டீச்சரையும் குத்தம் சொல்ல முடியாதுக்கா, எனக்காக சட்டத்தை மாத்தினா மத்தவங்க சும்மா இருப்பாங்களா?" அவள் ஃபைலை மூடினாள். "எனக்கு ஒரே ஒரு மேட்ச் முழுசா ஆடணும்க்கா. விசில் ஊதறதுலேர்ந்து விசில் ஊதற வரைக்கும். மூணு வருஷத்துல ஒரு தடவை கூட ஆடல."

மூன்று வருடமாக டிபன் பாக்ஸும் கையுமாக உட்கார்ந்து, இந்தப் பெண் ஏன் இப்படி, ஏன் அப்படி என்று அலசிய அலசலெல்லாம் மருதேவிக்கு நினைவு வந்தது. மூன்று பேரில் ஒருவருக்காவது நேரே அவளிடம் கேட்கத் தோன்றவில்லையே.

"பஸ் விஷயத்தை மட்டும் நான் ஒருத்தர்கிட்ட சொல்லலாமா?"

கீதாஞ்சலி யோசித்தாள். "பஸ் விஷயம் சொல்லுங்க. இந்த பேப்பர் விஷயம் வேணாம்."

அன்று மத்தியானம் ஆட்டோ ஸ்டாண்டுக்கே போய் மருதேவி சக்கரபாணியைப் பிடித்தாள். ஆறேகால் பஸ் கதையைச் சொன்னாள். படிவத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. சக்கரபாணி பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பற்றவைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸா? பஸ்ஸுக்காகவா ஓடுது அந்தப் பொண்ணு?"

"பஸ்ஸுக்காகத்தான்."

"நான் அவளைத் திமிரு புடிச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேனேக்கா."

"ஆமா. நானும் வேணாம்னு சொல்லாம கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

சக்கரபாணி சீட்டைத் துணியால் தட்டித் துடைத்தார். "ஏழு மணிக்கு நான் ஆசிரமம் பக்கம் சவாரிக்கு எப்படியும் போறவன்தான். அங்கேர்ந்து இன்னும் அஞ்சு கிலோமீட்டர், அவ்ளோதானே. ஆனா ஒண்ணு, அவங்கம்மா நம்பணும்."

அம்மா பச்சையம்மாளிடம் பேச மருதேவியே சக்கரபாணியையும் கீதாஞ்சலியையும் கூட்டிக்கொண்டு போனாள். பச்சையம்மாள் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று சக்கரபாணியை ஏற இறங்கப் பார்த்தாள். ஆட்டோ நம்பரை மகளின் போனில் போட்டோ எடுக்கச் சொன்னாள். "ஏழரைக்குள்ள பொண்ணு வாசல்ல நிக்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டினாலும் நான் வெளக்குமாத்தோட ரோட்டுக்கு வந்துடுவேன்" என்றாள். சக்கரபாணி இரண்டு கையையும் கூப்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி அடித்தது. மைதானத்தில் எல்லாரும் வழக்கம்போலக் கீதாஞ்சலியின் பையைப் பார்த்தார்கள். பை நகரவில்லை. அவள் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். நந்தினி டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வேலிக்கு வெளியே நிற்கிற ஆட்டோவையும் பார்த்தார். ஏழு மணி வரைக்கும் அவளைத் தாளித்து எடுத்துவிட்டார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அப்படியே போனது. ஆட்டோவில் வீடு வரைக்கும் சக்கரபாணி, எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், எப்போது பாஸ் கொடுத்திருக்க வேண்டும் என்று அவளுக்கு வகுப்பெடுத்தாராம். "அண்ணே, ரோட்டைப் பாருங்கண்ணே" என்று அவள் கெஞ்ச வேண்டியிருந்ததாம்.

புதன்கிழமை மருதேவிக்குக் கடையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருவரின் ஆதார் நகலை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். நாலரை மணிக்குக் கீதாஞ்சலி வந்தாள். தோளில் விளையாட்டுப் பை. கையில் ஃபைல் இல்லை.

"ப்ராக்டிஸுக்குப் போற வழிக்கா. டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை முதல் பதினொண்ணுல நான் இருக்கேன்."

மருதேவி கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாக இன்னும் அரைமணி இருந்தது.

"ஆரணிக்கு போன் பண்ணி மாட்டேன்னுட்டேன்" என்றாள் கீதாஞ்சலி. "அடுத்த வருஷம் கேட்டா என்ன சொல்வேன்னு தெரியாதுக்கா. இந்த வருஷம் இங்கதான்."

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. ஆரணியிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் மேளத்தோடு வந்து இறங்கியிருந்தார்கள். முதுகைக் காட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன சக்கரபாணி, கீதாஞ்சலி இறங்கியபோது சீட்டின்மேல் ஏறி நின்று விசிலடித்தார். அப்பாதுரை, "நான் அன்னைக்கே சொல்லல?" என்று முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை போய் ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு வந்தார்.

பத்தாவது நிமிடத்திலேயே வேங்கை ஒரு கோல் போட்டது. ஆரணி மேளம் காதைப் பிளந்தது. ஆஃப் டைமில் மருதேவி டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"அவளை முழுசா ஆடவிட்டது தப்போ? கடைசியில இறங்குனாத்தான் வேகம் இருக்குமோ?" என்று அப்பாதுரை மெதுவாக ஆரம்பித்தார்.

"வாயை மூடுய்யா" என்றார் சக்கரபாணி.

அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு ஆட்டம் மாறியது. இத்தனை நேரம் கீதாஞ்சலியை விரட்டிக்கொண்டிருந்த வேங்கையின் தடுப்பாட்டக்காரி இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்க ஆரம்பித்தாள். கீதாஞ்சலிக்கு மூச்சே வாங்கவில்லை. எழுபத்தொன்றாவது நிமிடம் இடது ஓரமாகப் பந்தை வாங்கி, அவளைத் தாண்டி, கோட்டை ஒட்டியே ஓடி, உள்ளே தூக்கிப் போட்டாள். நடுவில் நின்ற தீபத்தின் வினோதினி தலையால் முட்டினாள். ஒன்றுக்கு ஒன்று.

எண்பத்தெட்டாவது நிமிடம். பந்து தீபத்தின் கோலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுக்கக் கீதாஞ்சலியே பின்னால் இறங்கி வந்திருந்தாள். காலில் வாங்கியவள் நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் மைதானம் முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. ஓடினாள். ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தி சட்டையைப் பிடித்தாள், உதறிக்கொண்டு ஓடினாள். மருதேவி எழுந்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது. "போ! போ! போடீ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கோல்கீப்பர் முன்னால் பாய்ந்து வந்தாள். கீதாஞ்சலி பந்தை அவளுக்கு இடப்பக்கமாக, பதறாமல், தரையோடு உருட்டிவிட்டாள். அது ஒரு குழந்தை நடப்பதுபோல நடந்து போய் வலையில் விழுந்தது.

அப்புறம் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாதுரை அழுதார். பச்சையம்மாள் களைக்கொத்தை விட்டுவிட்டு முதல் தடவையாக மகளின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தாள். "முடிஞ்சுதா? நம்ம பொண்ணு ஜெயிச்சுடுச்சா?" என்று கேட்டபடி மருதேவியின் கையை விடவேயில்லை. கடைசி விசில் ஊதியபோது கீதாஞ்சலி மைதானத்தின் நட்டநடுவில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நந்தினி டீச்சர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெளியே வரும்போது வேங்கை செக்ரட்டரி கீதாஞ்சலிக்குக் கைகொடுத்தார். "நீ எங்க சட்டையில இருக்கவேண்டியது. பரவாயில்லம்மா, நல்லா ஆடின" என்றார். சக்கரபாணி திரும்பி மருதேவியைப் பார்த்தார்.

"அப்ப நெஜமாவே போறதா இருந்தாளா? உனக்குத் தெரியுமாக்கா?"

"வண்டியை எடுய்யா" என்றாள் மருதேவி.

ஆட்டோவில் ஏழு பெண்கள் ஏறினார்கள். மீதிப் பேர் ஆரணிக்காரர்களிடமே ஒரு மேளத்தை இரவல் வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். முன்சீட்டில் சக்கரபாணிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கீதாஞ்சலி. ஊர்வலம் பெரிய தெருவுக்குள் நுழைந்ததும் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒரு பாத்திரக்கடைக்காரர், "என்னம்மா விசேஷம், எலெக்ஷனா?" என்று கேட்டார்.

பின்னால் நடந்துகொண்டிருந்த மருதேவி மேளத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள். "ரெண்டுக்கு ஒண்ணு! ஆரணியை ஜெயிச்சுட்டோம்!"

அவருக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. அவள் நின்று, இன்னும் சத்தமாக, மறுபடியும் சொன்னாள்.