சம்சுன்னிசாவின் மணிக்கயிறு

புலாவ் பிராணித் தீவு நெருங்கிவிட்டது என்பது பரமசிவத்துக்கு எப்போதும் காலடிச் சத்தத்தில்தான் தெரியும். இஞ்சின் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கடலும் தெரியாது, கரையும் தெரியாது. தலைக்கு மேலே பலகையில் பயணிகள் எழுந்து முன்பக்கமாக நகர ஆரம்பித்தால் படித்துறை வந்துவிட்டது என்று அர்த்தம். அன்று காலையிலும் காலடிகள் நகர்ந்தன. சுவரில் தொங்கிய மணி ஒருமுறை லேசாக ‘டிங்’ என்றது. பரமசிவம் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, நெம்புகோலைப் பிடித்தபடி தயாராகக் காத்திருந்தார்.

அடுத்த மணி வரவில்லை. மூன்று விநாடி, நான்கு விநாடி. பிறகு படபடவென்று இரட்டை மணி அடித்தது. அவர் நெம்புகோலை இழுப்பதற்குள் படகின் மூக்கு படித்துறைக் கட்டையில் போய் இடித்தது. மேலே பூவம்மா போட்ட கூச்சல் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. தீவில் வெள்ளீயம் உருக்கும் ஆலை ஆட்களுக்குத் தினமும் இடியாப்பம் கொண்டுபோய் விற்கிறவள் அவள். மணிக்கட்டு பிசகிவிட்டது, கூடை கடலுக்குள் போய்விட்டது.

“மீனுக்கெல்லாம் பசியாற குடுத்துட்டேனே, பாவிகளா!” என்று அவள் கத்தியதில் பாதிப் பேர் வலியை மறந்து சிரித்தார்கள். பரமசிவத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருஷத்தில் அவர் கையால் படகு எதிலும் இடித்ததில்லை.

அந்தப் பதினைந்து வருஷத்தில் படகு மூன்று முதலாளிகளைப் பார்த்துவிட்டது. ஐம்பத்தொன்றில் அதை வாங்கிய ஜலாலுதீன் தன் தாயார் பெயரை வைத்து, ‘சம்சுன்னிசா’ என்று பச்சைப் பெயின்டில் எழுதினார். வியாழக்கிழமை சாயங்காலம் படகு முழுக்கச் சாம்பிராணி போடச் சொல்வார். இஞ்சின் அறைக்கும் அந்தப் புகை வந்து சேரும். டீசல் நாற்றத்தோடு கலந்து அது என்ன வாசனை என்று சொல்ல முடியாது, ஆனால் பரமசிவத்துக்கு இன்றைக்கும் வியாழக்கிழமை என்றால் அந்த வாசனைதான். ஐம்பத்தேழில், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு சீன முதலாளிக்குக் கைமாறியது. அவர் பச்சைக்கு மேல் சிவப்பை அடித்து, மூக்கில் ஊதுபத்தி செருகி, சீன எழுத்தில் ஏதோ பெயர் எழுதினார். என்ன பெயர் என்று யாரும் கேட்கவில்லை. தீவிலிருந்த மலாய்க்காரர்கள் முதற்கொண்டு எல்லாருக்கும் அது சம்சுதான். இப்போது, அறுபத்தாறில், ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது. கம்பெனி சாம்பல் பெயின்ட் அடித்து, பெயரை எடுத்துவிட்டு ஒரு நம்பரைப் போட்டது. எச்சில் துப்பக் கூடாது என்று நாலு மொழியில் ஒரு பலகை மாட்டியது. கூடவே, லைசென்ஸ் பேப்பர் இல்லாத சாரங்கு வேண்டாம் என்று, பதினைந்து வருஷமாகப் படகை ஓட்டிய ஒலி முகம்மதை வீட்டுக்கு அனுப்பியது.

சக்கரத்தைப் பிடித்துப் படகை ஓட்டும் சாரங்கு மேலே நிற்பார். கீழே இஞ்சின்காரர். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கயிறும் ஒரு மணியும்தான். நிற்கும்போது ஒரு மணி அடித்தால் கிளம்பு, ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரட்டை மணி அடித்தால் பின்னால் எடு. துறைமுகத்தில் எல்லாப் படகுக்கும் இதுதான் வழக்கம். ஒலி முகம்மது மட்டும் முதலில் கயிற்றை லேசாக ஒருமுறை தொடுவார். அது கணக்கில் சேராது. ‘பரமு, இருக்கியா, அடிக்கப் போறேன்’ என்று கேட்பது மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகுதான் நிஜமான மணி வரும். வீட்டில்கூடத் தன்னை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை என்று பரமசிவம் நினைத்துக்கொள்வார். கரையில் இரண்டு பேரும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. பேச வேண்டியதெல்லாம் கயிற்றிலேயே முடிந்துவிடும்.

புதுச் சாரங்கு நூருல் அமீனுக்கு அன்றுதான் முதல் நாள். நகரக் கரையிலுள்ள ஜார்டின் படித்துறையில் கிளம்பும்போது ஓங்கி அடித்தவன், தீவை நெருங்கையில் ஒரு சம்பான் தோணி குறுக்கே வந்ததால் ஒரு கையில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மெதுவாக இழுத்துவிட்டான். பரமசிவத்தின் கைக்கு அது பழைய ஆளின் சின்னச் சத்தமாகப் பட்டது. பெரிய மணிக்காகக் காத்திருந்துவிட்டார்.

அன்று மத்தியானமே இரண்டு பேரையும் கம்பெனி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் பாலகிருஷ்ணன் தமிழர், இங்கிலீஷ் படித்தவர். நூருல் அமீனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

“மிஸ்டர் பரமசிவம், ஒரே கேள்விதான். பெல் அடிச்சுதா, இல்லையா? மேல இருந்தவங்களுக்குக் கேக்காது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

பரமசிவம் எண்ணெய்த் துணியைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

“அடிக்கலன்னா சொல்லுங்க லா. அந்த ஆள இன்னிக்கே நிறுத்திடறேன். உங்க பழைய சாரங்கையே கூப்பிட்டுக்கலாம், பேப்பர் விஷயத்த நான் பேசிக்கிறேன். அடிச்சிருந்தா, தப்பு உங்களோடது. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் நாளைக் காலை மேலே ஒலி பாய் நிற்பார், சின்னச் சத்தம் திரும்பி வரும், தன் வேலையும் நிலைக்கும். பரமசிவத்துக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆசையாகத்தான் இருந்தது, அதை அவர் தனக்குள் மறைக்கவில்லை. ஆனால் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நூருல் அமீன் நின்றிருந்தான். கயிறு இழுத்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, அது சரியாகத்தான் இழுத்ததா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டதுபோல் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அடிச்சது சார். எனக்குக் கேட்டுச்சு.”

“அப்போ ஏன் நிறுத்தல?”

“காத்துக்கிட்டு இருந்தேன்.”

“எதுக்கு?”

வேலைக்கு வர வேண்டாம், திங்கட்கிழமை லெட்டர் வரும் என்று பாலகிருஷ்ணன் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டு டீக்கடையில் ஒலி முகம்மது அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர் துணிக்கடையில் கைலி மடித்து அடுக்கும் வேலை அவருக்கு. அன்றைக்கு, வேலைக்குப் போகிறவர் மாதிரி, படகில் போடும் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். பரமசிவம் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“பூவம்மா சொல்லிச்சு, புது ஆளு இடிச்சுட்டானாமே. என்னையக் கூப்பிடுவாங்களா?”

“கூப்பிட மாட்டாங்க பாய். அவன் சரியாத்தான் அடிச்சான். நான்தான் நிறுத்தல. ஆபீஸ்லயும் அப்படித்தான் சொன்னேன்.” ஒரு மடக்கு டீ குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். “அடிக்கலன்னு சொல்லியிருந்தா உங்களத் திரும்ப எடுத்திருப்பாங்க. வாய்ப்பு என் கையிலதான் இருந்துச்சு. எனக்கு வாய் வரல.”

ஒலி முகம்மது காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

“ஏன் நிறுத்தல?”

“மொதல்ல லேசாத் தொடுவீங்கல்ல. அதுன்னு நெனச்சுட்டேன்.”

“அட அல்லாவே! அது ஒனக்குன்னு தொட்டதா நெனச்சியா?” அவர் வலது தோளைப் பிடித்துக் காட்டினார். “அம்பதுல கிடங்குல மூட்ட விழுந்து தோளு இறங்கிப்போச்சு. மொத இழுப்புல கை ஏறாது, ரெண்டாவதுலதான் பலம் வரும். ஜலாலுதீன் முதலாளிக்குத் தெரிஞ்சா வேல போயிரும்னு யார்கிட்டயும் சொல்லல.”

பரமசிவம் கிளாசைக் கீழே வைத்தார். பதினைந்து வருஷமாகத் தன்னைக் கூப்பிட்டது ஒரு தோள்வலிதானா? வேலை போனதைவிட இதுதான் அவருக்கு வலித்தது.

“இப்பவும் வலிக்குதா பாய்?”

“இல்லப்பா. தவுக்கே வந்த வருஷமே ஒரு சீன வைத்தியர் கட்டுப் போட்டுச் சரியாக்கிட்டாரு.”

“அம்பத்தேழுலயா? அப்புறம் ஒம்போது வருஷம் எதுக்குத் தொட்டீங்க?”

ஒலி முகம்மது எச்சில் கிளாசுகள் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்.

“கீழ நீ காத்துக்கிட்டு இருப்பியே” என்றார்.

இரண்டு பேரும் எழுந்து வெளியே வந்தார்கள். கடை வாசலில் கூரை உத்தரத்திலிருந்து ஒரு வாழைத்தார் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பாதிப் பழம் விற்றுப்போயிருந்தது. பக்கத்து எருமைச் சந்திலிருந்து ஒரு பஸ் திரும்பிக் கடந்து போனதும் ரோட்டில் கொஞ்சம் இடம் கிடைத்தது. பரமசிவம் ரோட்டைக் கடக்க ஒரு காலை எடுத்தார். பின்னால் ஒலி முகம்மது கையை உயர்த்தி, வாழைத்தார்க் கயிற்றை லேசாக ஒருமுறை இழுத்தார். பழங்கள் அசைந்தன, உத்தரம் லேசாகக் கிரீச்சிட்டது.

பரமசிவம் எடுத்த காலை ரோட்டில் வைக்காமல், திரும்பியும் பார்க்காமல், இரண்டாவது இழுப்புக்காக அங்கேயே நின்றார்.