மீன்பாடி வண்டியில் ஏறாத குரல்

மேஜைமேல் வைத்தால் பாடுகிறது. வண்டியில் ஏற்றினால் வாயை மூடிக்கொள்கிறது. காலையிலிருந்து நாலு தரம் ஏற்றி இறக்கியாகிவிட்டது. சௌகத் அலிக்கு முதுகு விட்டுப்போனதே தவிர, காரணம் பிடிபடவில்லை.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அவருக்கு ஆட்டோ எலக்ட்ரிகல் கடை. லாரியோ வேனோ, ஹாரன் அடிக்கவில்லை, லைட் எரியவில்லை என்றால் அவரிடம்தான் வரும். இன்று வாசலில் நின்றது சரக்கு ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று. அதன் இரும்புச் சட்டத்தில் முன்னால் ஒரு ஸ்பீக்கர், பின்னால் ஒன்று. நடுவில் கார் பேட்டரி. பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவே உள்ள ஒரு புது ஆம்ப்ளிஃபையர்.

மணி மூன்று. ஐந்து மணிக்கு வண்டலூரில் தெருநாடகம். சிக்குன்குனியா வீட்டுக்கு வீடு ஆளை முடக்கிப் போட்டிருந்த 2006ஆம் வருஷத்து மழைக்காலம் அது. தொட்டியை மூடு, டயரில் தண்ணீர் தேங்க விடாதே என்று தெருத்தெருவாகப் பாடிச் சொல்கிற குழு. பாடுகிறவர் தசரதன், சௌகத் அலியோடு ஒரே பெஞ்சில் படித்தவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம்தான் ஆகிறது. மைக்கில் மெதுவாகப் பாடலாம். கத்தினால் குரல் திரும்பி வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மைக் இல்லாவிட்டால் தசரதன் என்ன செய்வார் என்று சௌகத் அலிக்குத் தெரியும். எதிரே கூட்டம் நின்றுவிட்டால் அவருக்கு எந்த டாக்டரும் நினைவில் இருக்க மாட்டார். கத்திவிடுவார்.

அந்த நினைப்புதான் சௌகத் அலியை உட்கார விடவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

சாயங்காலத்துக்காகக் குரலைச் சேமித்துக்கொண்டிருந்த தசரதன் நோட்டில் எழுதிக் காட்டினார்: ‘மச்சான், இவனுக்கும் தொண்டை ஆபரேஷனா?’

“சும்மா இர்றா.”

குழுவில் கொசு வேஷம் கட்டும் செல்லியம்மாள், பிளாஸ்டிக் இறக்கையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். “இன்னா பாய், ரெண்டு மணி நேரமா இந்தக் கோலத்துல குந்திகினு கீறேன். போறவன் வர்றவன்லாம் கையத் தட்றான். பாராட்டுறதுக்கு இல்ல, அடிக்கிறதுக்கு. பேஜாரா கீது. பழைய ஆம்ப்ளிஃபையரையே மாட்டிக் குடேன்.”

அவ்வளவு பதற்றத்திலும், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சௌகத் அலியால் இருக்க முடியாது. “அது குழாயப் பாதி தொறந்து வெச்ச மாதிரிக்கா. வேணுங்கிற அளவு கரண்ட்ட வுட்டுட்டு, மீதியச் சூடாவே தொலைச்சிடும். ஒரு மணி நேரத்துல பேட்டரி காலி. இது சுவிட்ச் மாதிரி. முழுசாப் போடும், முழுசா அணைக்கும். செகண்டுக்கு லட்சக்கணக்கான தரம். பாதியில நிக்கிறதே இல்ல, அதான் சூடும் இல்ல. ராத்திரி வரைக்கும் பேட்டரி தாங்கும்.”

“தாங்கும் சரி. பேசணுமே!”

சௌகத் அலி வண்டிப் பக்கம் குனிந்தார். பேட்டரியை அளந்தார். பன்னிரண்டரை வோல்ட், குறையே இல்லை. ஃப்யூஸ் போகவில்லை. ஒயரில் அறுப்பு இல்லை. சுவிட்சைப் போட்டால் ஒரே ஒரு ‘டக்’, பிறகு மௌனம்.

மணி மூன்றரை. இனி எல்லாவற்றையும் மொத்தமாக இறக்குவதில்லை என்று முடிவு செய்தார். ஒவ்வொன்றாக இறக்கலாம். முதலில் பேட்டரியை மட்டும் இறக்கி, நீள ஒயரில் மாட்டினார். ‘டக்’, மௌனம். பேட்டரியை ஏற்றிவிட்டு ஸ்பீக்கர்களை இறக்கினார். மேஜையில் வைத்து, ஆம்ப்ளிஃபையரில் இருந்த பழைய ஸ்பீக்கர் ஒயர்களைப் பிடுங்கிவிட்டு, ஆளுக்கு ரெண்டு ஒயர் இழுத்து அந்த இடத்தில் செருகினார்.

பாடியது!

அப்படியானால் குற்றம் ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில். ஆனால் வண்டியில் நடுவே இருந்தது ஸ்பீக்கருக்கு ஒரு பிளஸ் ஒயர்தான். மைனஸுக்கு ஒயரே கிடையாது. ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் மைனஸ், ஸ்பீக்கரின் மைனஸ், பேட்டரியின் மைனஸ் எல்லாவற்றையும் இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருந்தார். இருபத்தைந்து வருஷமாக ஹாரனுக்கும் ஹெட்லைட்டுக்கும் வைப்பருக்கும் அவர் செய்வது அதுதான். வண்டியின் இரும்பு பாடிதான் மைனஸ். அதைச் சந்தேகப்படக் கை வரவில்லை.

இருந்தும் மீட்டரை எடுத்தார். கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் மைனஸைத் தொட்டார். பூஜ்யம் காட்ட வேண்டும்.

ஆறு வோல்ட் காட்டியது.

ஸ்பீக்கர் பிளஸைத் தொட்டார். அதுவும் ஆறு.

“அடப்பாவி!”

“இன்னா பாய், ஷாக்கா?”

“மரக்கடையில ரெண்டு பேர் ரம்பம் இழுப்பாங்களே, பாத்துக்கீறியாக்கா? ஒருத்தன் தள்ளும்போது இன்னொருத்தன் இழுப்பான். ஸ்பீக்கர இது அப்டித்தான் ரெண்டு பக்கமும் புடிச்சு ஆட்டுது. மைனஸ்னு எழுதிக்கீதே, அதுலயும் ஆறு வோல்ட் கீது, அதுவும் ஒரு கைதான். அந்தக் கையப் புடிச்சு நான் வண்டியோட கட்டிப் போட்டுட்டேன். பாதுகாப்புக்கு அதுவே அணைஞ்சிடுது.”

பேசிக்கொண்டே சட்டத்தில் முடுக்கியிருந்த திருகுகளைக் கழற்றினார். முன் ஸ்பீக்கருக்கு ஒரு ஜோடி, பின் ஸ்பீக்கருக்கு ஒரு ஜோடி என்று ஒயர்களை வெட்டி மாட்டி, முனைகளில் டேப் சுற்றி, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார். நாலு மணி அடித்துப் பத்து நிமிஷம்.

தசரதன் நோட்டை மூடிவிட்டு மைக்கை வாங்கினார். பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்கிற அளவு குரலில், “வண்டலூர் மக்களே, தொட்டிய மூடுங்க” என்றார். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப்பக்கம் டீக்கடையில் நின்றிருந்த நாலு பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்லியம்மாள் இறக்கையை மடக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். “வழியில எதுனா புடுங்கிக்கினா நான் இன்னா பண்றது பாய்? சுருக்கா சொல்லு.”

“ஒண்ணே ஒண்ணுதான். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபையர்லேர்ந்து தனித்தனியா ரெண்டு ஒயர் போவணும். அந்த நாலு ஒயர்ல எதுவும் வண்டி இரும்பத் தொடக் கூடாது, ஒண்ணோட ஒண்ணும் சேரக் கூடாது.”